பென் டிரைவில் கொடுக்கலாமா? கட்டற்ற மென்பொருள் பற்றி எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊர்ப் பள்ளியின் கணினி அறையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவித் தருகிறோம், தமிழ்த் தட்டச்சு அமைத்துத் தருகிறோம். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணா, இந்த லினக்ஸை நகல் எடுத்து நண்பனுக்குக் கொடுத்தால் தப்பில்லையா?

தப்பில்லை. எழுதியவரே கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே எண்ணுகிறது. கதை எழுதியவருக்கு இருக்கும் உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு. அவர் அனுமதி இல்லாமல் நகலெடுத்தால் அது மீறல். கட்டற்ற மென்பொருளை எழுதியவர்கள் இந்த உரிமையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதையே கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தருகிறார்கள். அந்த எழுத்துக்குப் பெயர்தான் உரிமம்.

1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். அந்த இயக்கம் நான்கு சுதந்திரங்களை வரையறுத்தது. நிரலாளர்கள் பூச்சியத்திலிருந்து எண்ணும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் அவற்றின் எண்ணும் 0-இல் தொடங்குகிறது. எந்த நோக்கத்துக்காகவும் ஓட்டலாம் என்பது 0. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து, தனக்கு ஏற்றபடி மாற்றலாம் என்பது 1. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நகல் கொடுக்கலாம் என்பது 2. தான் மாற்றியதையும் கொடுக்கலாம் என்பது 3. உங்கள் நண்பனுக்கு நீங்கள் கொடுக்கப்போவது எண் 2-இல் அடங்கும். தயங்காமல் கொடுங்கள்.

அப்படியானால் இலவசம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? கட்டற்ற, திறந்த மூலம் என்று எதற்கு இத்தனை பெயர்?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூற்றுக்கணக்கான செயலிகளை நீங்கள் பிறருக்குக் கொடுக்க உரிமை இல்லை, உள்ளே திறந்து பார்க்கவும் முடியாது. காசு வாங்கவில்லை என்பது மட்டுமே அவற்றின் சிறப்பு. நாளைக்கே காசு கேட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பத்தை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நம்மிடம் 'விலையில்லா' என்று ஒரு சொல், 'கட்டற்ற' என்று வேறொரு சொல், தனித்தனியாக இருக்கின்றன. அதைக் கலந்து ஒன்றாக்கிவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

'திறந்த மூலம்' என்ற பெயர் 1998-இல் வந்தது. மூலம் என்றால் நிரலாளர் எழுதிய மூல நிரல். நிறுவனங்களிடம் சுதந்திரம் என்று பேசுவதைவிடத் தரம், வசதி என்று பேசுவது எளிது என்று நினைத்தவர்கள் வைத்த பெயர். மென்பொருள்கள் பெரும்பாலும் அவையேதான். நான் 'கட்டற்ற' என்று சொல்வதையே விரும்புகிறேன்.

நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கலாமா?

தாராளமாக. உங்கள் நேரத்துக்கும் வேலைக்கும் கூலி வாங்குவதை எந்தக் கட்டற்ற உரிமமும் தடுக்கவில்லை. டிவிடியில் போட்டு விற்கவும் செய்யலாம். வாங்கியவர் அதை நூறு பேருக்குச் சும்மா கொடுப்பதை மட்டும் உங்களால் தடுக்க முடியாது.

கடைக்காரர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது நம் ஊர்களில் ஊரறிந்த வழக்கம். வாடிக்கையாளருக்கு அது இலவசமாக வந்ததாகத் தோன்றுகிறது. அந்தக் கிராக்கை யார் செய்தார், உள்ளே வேறென்ன வைத்தார் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் அந்த வீட்டுக்காரர் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் உங்கள் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, நேர்மையாக ஒரு கூலி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூல நிரல் எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே? பாதுகாப்பு எப்படி?

இதற்கு ஒரு உண்மைச் சம்பவத்தையே பதிலாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாக லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒருவர் தன் சொந்த நேரத்தில் பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். நடுவில் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், "ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள்" என்று காலினை நெருக்கினார்கள். களைத்திருந்த அவர் பொறுப்பைப் பகிர்ந்தார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளக் கதவு பதுங்கியிருந்தது.

மார்ச் மாதக் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் சோதனைக் கணினிக்குள் நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதான். விடாமல் தோண்டினார். மூலம் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. அந்தப் பதிப்புகள் பெருவாரியான கணினிகளைச் சென்றடைவதற்குள் உலகத்துக்கே தெரிவித்துவிட்டார்.

திறந்திருந்ததால் பிடிபட்டது என்பது இந்தக் கதையின் ஒரு பக்கம். உலகமே பயன்படுத்திய ஒரு கருவியைத் தாங்கிக்கொண்டிருந்த மனிதர் தனியாக விடப்பட்டிருந்தார் என்பது இன்னொரு பக்கம். அவருக்குத் துணை கிடைத்திருந்தால் நெருக்குதலுக்கு இடமே இருந்திருக்காது. எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடும் பயனர்கள் பெருகப் பெருக இந்த ஆபத்தும் பெருகுகிறது. இந்தக் கதையைப் படித்த பிறகுதான் நாங்கள் ஞாயிறு கூட்டங்களில் நிறுவித் தருவதோடு நிற்காமல், வந்தவர்களை ஏதாவது ஒரு சின்ன வேலையில் சேர்த்துவிட ஆரம்பித்தோம்.

பழைய லேப்டாப்புக்கு எதைப் போடுவது?

புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுகிறோம். கணினி மெதுவானதாக இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டு இடம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். சாதா வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கணினியின் ஆயுள் இன்னொரு முறை தொடங்கும். வேறு பெயர்களை ஒப்பிட்டு மாலை முழுவதும் வாதிட வேண்டாம். உங்களுக்கு உதவி செய்யக்கூடியவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து இறக்குவது? தேடினால் ஏகப்பட்ட தளங்கள் வருகின்றனவே.

அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். படம் ஓட்டும் விஎல்சி, ஆவணம் எழுதும் லிபரே ஆபீஸ் போன்ற பெயர்பெற்றவற்றுக்குப் போலித் தளங்கள் உண்டு. இறக்கிய கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பென் டிரைவிலிருந்து எடுத்தாலும் ஒப்பிடுங்கள். எங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை.

டிடிபி வேலை செய்கிறேன் சார். இருபது வருஷமாகப் பாமினியில் அடித்துப் பழகிவிட்டது. லினக்ஸுக்கு வந்தால் என் பிழைப்பு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நாங்கள் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுகிறோம், ஏனென்றால் இவர்களுடைய விரல்களில் இருப்பது பல வருட உழைப்பு.

பாமினி, வானவில் போன்றவை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முன் வந்த ஏற்பாடுகள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார்த்தினார்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் கோப்பில் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, இன்னொருவருக்கு அனுப்பினால் அவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

பழைய கோப்புகள் வீணாகாது. ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு பாமினி, டிஸ்கி போன்ற பல பழைய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும், அதில் மட்டும் சலுகை இல்லை.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் போதும். அதில் தமிழ்99 இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும். புள்ளி வைக்க வேண்டிய பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். பாமினியில் பழகிய விரல்களுக்கு முதலில் கடினமாகத்தான் இருக்கும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அச்சக அம்மா தினமும் கால்மணி நேரம் வைத்து மூன்று வாரத்தில் மாறினார். அந்த மூன்று வாரமும் கடை வேலையைப் பழைய முறையிலேயே செய்தார். அப்படித்தான் செய்ய வேண்டும்.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். இதில் நாங்கள் ஒரு காலத்தில் அவமானப்பட்டிருக்கிறோம். பழைய 1.4 பதிப்பில் தமிழ் சரியாக வராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். 'பெட்டி' என்று அடித்தால் படிக்க முடியாது. அதைக் காட்டிவிட்டு அச்சகத்துக்காரர்களிடம் கட்டற்ற மென்பொருளின் பெருமை பேச முடியுமா? எழுத்துகளைக் கோக்கும் வேலை திருத்தி எழுதப்பட்டு, 2024 சனவரியில் 1.6 நிலைப் பதிப்பாக வந்த பிறகு தமிழ் ஒழுங்காக வருகிறது. நோட்டோ, லோகித், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களை எந்த அச்சு வேலைக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனாலும் உங்கள் வாடிக்கையாளர்கள் வேறொரு மென்பொருளின் கோப்புகளையே கேட்டு அனுப்புகிறார்கள் என்றால், ஒரு கணினியைப் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பில் ஒருநாள்கூட நட்டம் வரக்கூடாது.

தம்பி, டேலி ஓடுமா?

கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்கருடன் கோப்பு பரிமாறும் கடை என்றால் அந்தக் கணினியை மாற்ற வேண்டாம் என்றே சொல்வோம். வீட்டுக் கணக்குக்கும் சிறு சங்கங்களின் வரவு செலவுக்கும் குனுகேஷ் நன்றாக இருக்கிறது.

எங்கள் பள்ளி லேபில் இருபது கணினி. நெட் சரியாக வராது. பயன்படுமா?

இணையம் மெதுவாக இருக்கும் இடத்தில்தான் பகிர்வின் அருமை தெரியும். ஒரு கணினி இறக்கிய புதுப்பிப்புகளை மற்ற பத்தொன்பதும் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். கிவிக்ஸ் என்ற செயலி வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி வைத்தால் இணையமே இல்லாமல் பிள்ளைகள் படிக்கலாம். சின்ன வகுப்புகளுக்கு ஜிகாம்பிரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு. இவை அனைத்தையும் இருபது கணினிகளிலும் நகலெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆனால் கணினியில் இருப்பது வேறு, ஆசிரியர் கையில் இருப்பது வேறு. 2011-இல் தொடங்கிய நம் அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் உருவான, இந்திய மொழிகளுக்கு இடம்கொடுத்த லினக்ஸ் அது. நான் பார்த்த வீடுகளில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திறந்ததில்லை. திறந்து காட்ட ஆளில்லை. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகளை முழுவதுமாகக் குனு/லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அங்கே முதலில் ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். கணினிப் பாடநூலையும் அந்த மென்பொருள்களை வைத்தே எழுதினார்கள். இன்று கைட் என்ற பெயரில் அதே வேலை தொடர்கிறது. உங்கள் பள்ளியில் கணினியில் ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் இருந்தால் அவரை முதலில் இரண்டு ஞாயிறு எங்களிடம் அனுப்புங்கள். லேபுக்கு அப்புறம் வருகிறோம்.

போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அப்புறம் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால்?

நியாயமான கேள்வி. தொடக்கத்தில் எங்கள் தவறே இதுதான். ஒரு நாளில் பன்னிரண்டு கணினிகளில் நிறுவினோம் என்று பெருமைப்பட்டோம். இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது, பாதிப் பேர் மறுபடி கடைக்குப் போய்ப் பழையதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு பிரிண்டர், ஒருவருக்கு வைஃபை, இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பை எங்கே திறப்பது என்பதே தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் கணினியில் நிறுவும்போது எங்களில் ஒருவர் தவறான வட்டுப் பகுதியை அழித்துவிட்டார். அதில் அவருடைய மகள் திருமணப் படங்கள் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியால் கொஞ்சம் கிடைத்தன, எல்லாம் கிடைக்கவில்லை. அவர் எங்களை ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது. அன்றிலிருந்து, வேறொரு வட்டில் நகல் எடுக்காத எந்தக் கணினியையும் தொடுவதில்லை, உரிமையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

இப்போது ஒரு நாளுக்கு மூன்று கணினிதான். முதலில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லைவ் முறையில் ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பார்க்கிறோம். நிறுவிய ஒவ்வொருவருக்கும் எங்களில் ஒருவர் பொறுப்பு. மூன்று மாதம் வரை அவர் போன் செய்யலாம். மூன்று மாதம் தாண்டியவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை.

லினக்ஸ் பயனர் குழுக்களில் கேள்வி கேட்டால் "முதலில் தேடிப் பார்" என்று அடிக்கிறார்களே?

உண்மை, அது எனக்கும் நடந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னவரின் சலிப்பு அது. ஆனால் கேட்பவருக்கு அது முதல் முறை. எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பதில் சொல்லப் பொறுமை இல்லாதவர் அன்றைக்குப் பேசாமல் இருக்கலாம், மற்றொருவர் சொல்லட்டும்.

கேட்பவரும் கொஞ்சம் உதவலாம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், என்ன செய்தீர்கள், திரையில் வந்த பிழைச்செய்தி என்ன, எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். செய்தியைப் போனில் படமெடுக்காமல் எழுத்தாகவே ஒட்டினால் பிறகு தேடுபவருக்கும் கிடைக்கும். தீர்ந்த பிறகு எப்படித் தீர்ந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். காஞ்சிபுரம், விழுப்புரம், சென்னை போன்ற இடங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிரல் எழுதுபவர்களால் செய்ய முடியாத வேலைகள்தான் அதிகம் கிடக்கின்றன. லிபரே ஆபீஸின் தமிழ் இடைமுகத்தில் இன்னும் மொழிபெயர்க்க வேண்டிய வரிகள் இருக்கின்றன. வெப்லேட் என்ற தளத்தில் உலாவி வழியாகவே செய்யலாம். 'கோப்பு', 'சேமி' என்று இன்று கண்ணை உறுத்தாமல் படிக்கிறோமே, அவற்றை யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து, சக ஆர்வலர்களுடன் சண்டை போட்டு முடிவு செய்தார். மொசில்லாவின் குரல் சேகரிப்புத் திட்டமான காமன் வாய்ஸில் தமிழ் வாக்கியங்களை வாசித்துக் குரல் கொடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குவதும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில்தான். அங்கே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவதும் பங்களிப்புதான். கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் வரும் கணியம் மின்னிதழில் தமிழில் எழுதலாம். எங்கள் குழுவில் ஒரு இல்லத்தரசி, பிரிண்டர் அமைப்பதைப் படிப்படியாகத் தாளில் எழுதிக் கொடுத்தார். இன்றுவரை அதிகம் நகலெடுக்கப்படுவது அந்தத் தாள்தான்.

ஜிபிஎல் நிரலை மாற்றி என் புராஜெக்டில் சேர்த்தேன். மூலத்தைத் தந்தே ஆக வேண்டுமா?

ஜிபிஎல் என்பது குனு திட்டத்தின் உரிமம். மாற்றியதை உங்களோடு வைத்துக்கொண்டால் வேண்டாம். பிறருக்குக் கொடுத்தால், அவருக்கு மூலத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். எம்ஐடி என்ற இன்னொரு கட்டற்ற உரிமம் உள்ளவற்றில் அந்தக் கட்டாயம் இல்லை, எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் இருந்தால் போதும். எழுதியவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயர் போடுவது இந்த இரண்டு உரிமங்களிலும் கிடையாது. கல்லூரிப் புராஜெக்டுகளில் இது நடக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

மடிக்கணினி, சார்ஜர், 8 ஜிபிக்குக் குறையாத காலிப் பென் டிரைவ் ஒன்று. படங்களும் ஆவணங்களும் வேறொரு வட்டில் நகலெடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று நகல் மட்டும் எடுப்போம், நிறுவுவது அடுத்த மாதம். வீட்டு பிரிண்டரின் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதி வாருங்கள். காலை 10 மணிக்குத் தொடங்குகிறோம்.